ஓசி ஆயிலுக்கு வந்த வண்டி

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடுவதாக இல்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். பால் ஊற்ற வருபவர் கேட்கிறார். "ஏனுங்க, நீங்க கார் ஷோரூம்லதான இருந்தீங்க, ஓசியில ஆயில் மாத்தித் தர்றமுன்னு போன் மேல போன் போடறாங்களே, போலாமுங்களா?"

"போங்க" என்றுதான் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் ஒவ்வொரு முறையும் மனம் கொஞ்சம் பின்வாங்குகிறது. ஏன் என்று பந்தியில் உட்கார்ந்து சொல்ல முடியாது. சர்வீஸ் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களே, உங்களிடம் சொல்லலாம். வண்டியோடு வருகிறவரிடம் பேசுவதும், வண்டியைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொல்வதும்தான் நம் வேலை. ஸ்பானர் பிடிக்காத நமக்குக் கையில் இருக்கும் ஒரே கருவி வாய். அதைக் கெடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்.

முதலில் ஓசி ஆயிலுக்காக நானே கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். நாமக்கல் கிளையில் இருந்தபோது ஒரு கோழிப்பண்ணைக்காரர் புதுக் கார் வாங்கினார். இலவச ஆயிலுக்கு எத்தனை முறை கூப்பிட்டும் வரவே இல்லை. அவருக்கு லாரிகள் உண்டு, வீட்டு வாசலில் லாரி ஆயில் பேரலும் உண்டு. "அத்தன லோடு இழுக்குற லாரிக்கே இது பத்துதுங்க, இந்தக் குருவிக்குப் பத்தாதுங்களா?" என்று பேரலில் இருந்து மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறார். குருவி ஒரு வருஷம்கூடப் பறக்கவில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இந்தச் சீமையில் எல்லாருக்கும் இன்ஜின் தெரியும், அதுதான் சிக்கல். ஆகவே, எந்த வண்டிக்கு எந்த ஆயில் என்று தெரிந்தவன் சும்மா மாற்றித் தருகிறேன் என்றால் மாற்றிக்கொள்வதில் தப்பில்லை என்பது என் கட்சி.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் நம் தொழிலில் மாட்டைக் கொடுத்தவன்தான் வாங்க வந்தவருடைய பல்லைப் பிடித்துப் பார்ப்பான். ஆயில் சும்மா. வண்டியை அந்தரத்தில் தூக்கும் லிஃப்டில் ஏற்றிய பிறகு அது தேய்ந்திருக்கிறது, இது கிழிந்திருக்கிறது என்று சொல்லி வேலை சேர்ப்பதுதான் வியாபாரம். உண்மையிலேயே தேய்ந்திருந்தால் சொல்வது நம் கடமை. அதில் எனக்கு எந்த வெட்கமும் இருந்ததில்லை.

நாமக்கல்லில் இருந்து என்னைக் கொண்டப்பநாயக்கன்பட்டிக் கிளைக்கு மாற்றினார்கள். ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மலைக்குப் போகிற குடும்பங்கள் காலையிலேயே வந்து வண்டியை விட்டு, பிள்ளைகளுக்கு எங்கள் மெஷின் காபியை வாங்கிக் கொடுத்து, ஓசியில் ஆயிலை மாற்றிக்கொண்டு அப்படியே மேலே ஏறிவிடுவார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இலவச ஆயிலுக்கு வரும் எந்த வண்டியும் கூடுதலாக ஒரு வேலையாவது செய்யாமல் வெளியே போகக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வண்டியை நன்றாகப் பார்க்கச் சொல்கிறார் என்றுதான் நான் அர்த்தம் செய்துகொண்டேன். அந்தக் கிளைக்கு நான் புதிது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சண்முகம் வந்தார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். மனைவி ஜோதிமணி, ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்திருந்த இரண்டு பிள்ளைகள். நான்கு பேரும் ஏற்காடு போகக் கிளம்பி வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு அடுத்த லீவு எப்போதோ தெரியாது. காபி மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

ஆயில் மாற்றி முடித்த கையோடு மெக்கானிக் வேலு என் மேஜைக்கு வந்தார். அவர் சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். "முன் வீல்ல பிரேக் ஹோஸ் உப்பியிருக்கு மேடம். மேல போகுதுன்னாங்க. சொல்லிருங்க" என்றார். பிரேக்கை மிதிக்கும்போது அந்த ரப்பர் குழாய் வழியாகத்தான் திரவம் சக்கரத்துக்குப் போய் அழுத்தும். அது வெடித்தால் மிதி தரையோடு போய்விடும். சமவெளியில் என்றால் ஓரங்கட்டித் தப்பிக்கலாம். மலையில் இருந்து இறங்கும்போது என்றால் நினைக்கவே பயமாக இருக்கிறது.

நான் எழுந்து போய் சண்முகத்திடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை முதலில் உறுத்தியது.

"ஆரம்பிச்சிட்டீங்களா? போன வாட்டி பிரேக் பேடு, இந்த வாட்டி ஹோஸா. சாவியக் குடுங்க மேடம், வெயிலேறுது."

"இல்லைங்க, நிஜமாவே உப்பியிருக்கு. இந்த வண்டியில மலைக்குப் போகக் கூடாதுங்க."

"போன வாட்டியும் நிஜமாவேன்னுதான் சொன்னாங்க. நானும் நம்பி மாத்திப்போட்டேன்."

"வந்து நீங்களே பாருங்க."

"அந்தரத்துல தூக்கி நிறுத்திப்போட்டு நீங்க காட்டறதெல்லாம் நான் பார்த்தாச்சுங்க" என்று தன் செல்போனை எடுத்தார். அதில் ஒரு படத்தைப் பெரிதாக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். தகடு வரை தேய்ந்து போன ஒரு பிரேக் பேட், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பட்டை. ஒரு மூலை உடைந்திருந்தது, ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"இது என்ற வண்டியில கழட்டினதுன்னு இந்த எடத்துல வெச்சுத்தான் காட்டினாங்க. பாருங்கடா எப்படித் தேஞ்சிருக்குன்னு எங்க சனத்து குரூப்புல போட்டேன். எங்க சனத்துல ஒருத்தர் ஒரு வண்டி வாங்கினா மத்தவங்களும் அதே வண்டிதான் வாங்குவாங்க, அதே ஷோரூம்தான். அடுத்தாப்ல என்ற மச்சினன் ஆட்டையாம்பட்டியில இருந்து ஓசி ஆயிலுக்கு வந்தான். அவனுக்கும் பேடு காட்டினாங்க. அவன் வண்டியில கழட்டினதாமா. அதே ஒடஞ்ச மூலைங்க, அதே மஞ்சப் பெயின்ட்டு. குரூப்புல பார்த்த படமாச்சேன்னு சிரிச்சுப்போட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் நம்பவில்லை. படம் மாறியிருக்கும், மச்சினன் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான் என்றே மனம் சமாதானம் தேடியது. பக்கத்து மேஜையில் இருந்த பிரவீனைப் பார்த்தேன். எனக்கு முன்பிருந்தே அந்தக் கிளையில் இதே வேலை பார்க்கும் அட்வைசர், கெட்டிக்காரர். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் மேஜையின் கீழ் டிராயரை முழங்காலால் மெல்லத் தள்ளி மூடினார்.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பேட் அந்த டிராயரில்தான் இருக்கிறது.

ஒரு நிமிஷம் நான் அங்கே எப்படி நின்றேன் என்பதை நீங்கள் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வரவேற்பறை முழுக்க ஓசி ஆயிலுக்கு வந்தவர்கள். சண்முகம் சாவிக்குக் கை நீட்டுகிறார். வண்டி அவருடையது, சாவியை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. சத்தியம் செய்யலாம். சத்தியம் போன முறையும் செய்திருப்பார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். அதைத்தான் விதி சொல்கிறது. பழுது சொல்லப்பட்டது, வாடிக்கையாளர் மறுத்தார். அதற்குப் பிறகு மலையில் எது நடந்தாலும் நம் மேல் பழி இல்லை. பிள்ளைகள் இரண்டும் காபிக் கோப்பையோடு கார் கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருந்தன.

நான் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது என்பது தெரிந்துவிட்டது. என் உண்மைக்கும் அவர்கள் சொன்ன பொய்க்கும் ஒரே குரல், ஒரே ஷோரூம், ஒரே மேஜை. அவர் நம்ப வேண்டுமானால் எங்களுக்கு நஷ்டமான ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

"என்கூட வாங்க" என்று அவரைப் பிரவீன் மேஜைக்குக் கூட்டிப்போனேன். "டிராயரைத் திறங்க பிரவீன்" என்றேன்.

"மேடம், வேண்டாங்க."

நானே குனிந்து இழுத்தேன். பழைய துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். உடைந்த மூலை. மஞ்சள் பெயின்ட். எடுத்து மேஜை மேல் வைத்தேன். 

"நீங்க சொன்னது சரிங்க. இது உங்க வண்டியிலதும் இல்ல, உங்க மச்சினன் வண்டியிலதும் இல்ல. எங்க ஆளுங்க எல்லாருக்கும் இதைத்தான் காட்டியிருக்காங்க. எனக்கும் இப்பத்தான் தெரியும். இப்ப ஹோஸைப் பத்தி நான் சொல்றதை ஒரே ஒரு தடவை உள்ள வந்து பாருங்க. பார்த்துட்டு, போகணும்னா போங்க. நான் தடுக்கல."

 சோபாவில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து பேடை எட்டிப் பார்த்தார். "அட, இது போன மாசம் எனக்குக் காட்டினதாட்ட இருக்குது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு, "மேடம், கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு நான் எதிர்த்திசையில் நடந்தேன். வாடிக்கையாளர் உள்ளே வரக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கும் கதவைத் தள்ளி, சண்முகத்தை ஒர்க்‌ஷாப்புக்குள் கூட்டிப்போனேன். அவர் மறு பேச்சில்லாமல் வந்தார்.

ஜோதிமணி பிள்ளைகளை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். வேலு சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து வண்டியை உள்ளே எடுத்து, முன்சக்கரத்தைக் கழற்றினார். இன்ஜினை ஓடவிட்டு பிரேக்கை மிதித்தார். நானும் சண்முகமும் குனிந்து பார்த்தோம். விரல் தடிமனில் இருந்த குழாய், எலியை விழுங்கிய பாம்பு போல நடுவில் புடைத்து எழுந்தது. மிதியை விட்டதும் அடங்கியது.

"இன்னொருக்கா மிதிங்க. நல்லா அழுத்தி" என்றார் சண்முகம். குரல் மாறியிருந்தது.

வேலு அழுத்தி மிதித்தார். பட்டென்று ஒரு சத்தம். குழாய் கிழிந்து திரவம் சண்முகத்தின் செருப்பு மேலும் என் சேலை மேலும் பீச்சியடித்தது. "மிதி தரைக்குப் போயிருச்சு மேடம்" என்று உள்ளே இருந்து வேலு சொன்னார். அவர் முகம் வெளுத்துவிட்டது. சாப்பாட்டு அவசரத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனவர் அவர்.  பழுது இருக்கிறது என்று தெரிந்துதான் அத்தனை பேசினேன். ஆனால் அது இத்தனை பக்கத்தில் இருந்தது என்று எனக்கும் தெரியாது.

சண்முகம் தரையில் சிந்தியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாசலுக்குப் போய், சின்னவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஜோதிமணிதான் முதலில் பேசினார். "ஏனுங், இத்தன பேரு இருக்கறாங்களே, இவுங்களுக்கெல்லாம் புள்ள குட்டி இல்லீங்களா?" என்று என்னைக் கேட்டார்.  அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

ஹோஸ் அன்று எங்களிடம் இல்லை. வண்டியை விட்டுவிட்டு, ஏற்காடு பஸ்ஸில் போவது என்று முடிவு செய்தார்கள். பிள்ளைகளுக்கு பஸ் என்றதும் கொண்டாட்டம். கிளம்பும்போது சண்முகம் திரும்பி வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். அந்தப் பேடு பொய், செரி. என்ற மச்சினன் சிரிச்சுப்போட்டு வண்டிய எடுத்துட்டுப் போனானே, அவன் வண்டியில பிரேக்கு நிஜமாவே தேஞ்சிருந்துச்சா, இல்லீங்களா?"

நான் பிரவீனைப் பார்த்தேன்.

"தெரியலைங்க மேடம்" என்றார் பிரவீன்.

"நீங்கதானே பார்த்தீங்க?"

"நான் பார்க்கலைங்க. எல்லாத்துக்கும் சொல்றதுதானுங்களே. சொன்னதுல நெறையா வண்டிக்கு நிஜமாவும் இருந்திருக்கும். எதுக்கு இருந்துச்சு, எதுக்கு இல்லைன்னு இப்பக் கேட்டா…" என்று நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் அது அந்த நொடியில்தான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

டிராயரைத் திறந்தபோது அதிர்ந்தது இதற்கு முன் ஒன்றுமே இல்லை. ஊரை ஏமாற்றுகிறவனுக்காவது எது உண்மை என்று தெரிந்திருக்கும் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன். இவர்கள் சொல்லிச் சொல்லி, அது தங்களுக்கே தெரியாத நிலைக்கு வந்திருந்தார்கள். எத்தனையோ வண்டிகள் எங்கள் லிஃப்டில் ஏறி இறங்கிப் போயிருக்கின்றன. அவற்றில் எது ஆபத்தான வண்டி என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஓர் ஆள் இல்லை.

சண்முகம் அங்கேயே மச்சினனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். "மாப்ள, வண்டிய எடுக்காத, பிரேக்கு பாக்கோணும்" என்றார். எதிர்முனையில் ஒரே சிரிப்பு. "மாமா, உங்களையும் மடக்கிப்போட்டாங்களா? இந்த வாட்டி எந்தப் பேடக் காட்டினாங்க?" சண்முகம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். சொந்த மாமன் சொல்லியும் அவன் நம்பவில்லை. வெளியே ஒரு வேலை இருக்கிறது, கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

ஜோதிமணி கணவரைப் பார்த்தார். அவ்வளவுதான். "நீ புள்ளைங்களக் கூட்டிட்டு பஸ் ஏறு. நான் ஆட்டையாம்பட்டி போயி அவன் சாவியப் புடுங்கிட்டு வாரேன்" என்று சண்முகம் ரோட்டுக்கு ஓடி ஆட்டோவுக்குக் கை காட்டினார். சாவியைப் பிடுங்கியும் விட்டார். அந்த வண்டியை மறுநாள் எங்களிடமே இழுத்து வந்தார்கள். பேட் தகடு வரை தேய்ந்து, டிஸ்க்கை அறுத்திருந்தது. இந்த முறை நான் பக்கத்தில் நின்று கழற்றச் சொல்லி, அந்த மச்சினனின் உள்ளங்கையில் வைத்தேன். 

ஆனால் அது மறுநாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் திட்டத்தான் கூப்பிட்டிருந்தார். ஆனால் தரையில் சிந்தியதை அவரும் பார்த்திருந்ததால் திட்டு வரவில்லை. "வேலை வேண்டாம்னு மறுத்துட்டுப் போன எல்லாருக்கும் போன் பண்ணிக் கூப்பிடணும் சார்" என்றேன்.

"கூப்பிட்டு என்னன்னு சொல்லுவீங்க மேடம்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இலவச ஆயிலை ஏற்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இன்றும் மாறவில்லை. போங்க, ஆனால் வண்டியை விட்டுவிட்டு காபி குடிக்காதீர்கள், கழற்றுவதைக் கூடவே நின்று பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். உங்களுக்குச் சொல்வது வேறு. டார்கெட் வரும், மேனேஜர் கத்துவார், பக்கத்து மேஜைக்காரர் உங்களைவிட நிறைய வேலை சேர்ப்பார். அப்போது இல்லாத பழுதை ஒரே ஒரு முறை சொன்னால் என்ன என்று தோன்றும். அன்று நான் பண்ணிய போன்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நானும் பிரவீனும் ஆளுக்கு ஒரு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மற்றவர்களின் சாவியைப் பிடுங்க எங்களுக்கு உறவுமுறை இல்லை. சிலர் எடுக்கவில்லை. சிலர் திட்டினார்கள். சிலர் சரி பார்க்கிறோம் என்றார்கள். ஒரு நம்பரில் ஒரு பெண் எடுத்தார். பின்னால் பாட்டுச் சத்தம், பிள்ளைகள் கூச்சல், ஹாரன். நான் ஷோரூம் பெயரைச் சொல்லி, "உங்க வண்டி பிரேக்கைப் பத்திங்க…" என்று ஆரம்பித்தேன்.

"ஓசி ஆயிலுங்களா? வேண்டாமுங்க. நாங்க மலையெறங்கிட்டிருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பத் திரும்ப அடித்தேன். அவர் எடுக்கவே இல்லை.